ஏழாவது கணக்கு

கட்டுக்கலை, கண்டி.
14.9.1986

அன்புள்ள செசிலியாவுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு மங்களேஸ்வரி எழுதுவது. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. பேராதனைச் சந்தியில் ரயில்வேயில் வேலை செய்யும் ராஜலிங்கம் அண்ணை நாளைக் காலை யாழ்ப்பாணம் வருகிறார். அவர் கையில் தந்துவிடுகிறேன். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், செசிலியா. உன் சோதி அண்ணையை. இன்றோடு நான்காம் நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை வழக்கம்போல ஆறேகால் பஸ்ஸில் ஹேவாஹெட்டவுக்குப் புறப்பட்டார். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். வழியில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருக்கிறார்கள். எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பைகளைக் கிளறியிருக்கிறார்கள். இவருடைய சட்டைப் பையில் நாலாக மடித்த கடதாசி ஒன்று இருந்திருக்கிறது. அதை விரித்துப் பார்த்ததும் இவரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் வீரையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துத் தொழிலாளி. பிள்ளைக்கு மருந்து வாங்க முன்பு ஒருமுறை வீட்டுக்கு வந்தவர். அடுத்த தரிப்பில் இறங்கி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, திரும்பிக் கண்டிக்கு வந்து என்னிடம் சொன்னார். “அம்மா, நம்ம டிஸ்பென்சர் ஐயாவ புடிச்சு வச்சிருக்காங்க. கையில ஒரு காகிதத்த வச்சுக்கிட்டு பிளேன், பிளேன்னு கேட்டு அடிக்கிறாங்க. நாங்க பாத்துக்கிட்டுத்தான் நின்னோம். ஒண்ணும் செய்ய முடியலம்மா” என்று வாசலில் நின்று அழுதார். பிளேன் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஆவணியில் நீ எனக்குப் பத்துக் கணக்குகள் எழுதி அனுப்பினாயே, அதில் ஏழாவது. நான்கு நாட்களாக அது என் வாயில் தேவாரம் போல ஓடிக்கொண்டிருக்கிறது. “பலாலி விமானத்தளப் பக்கமிருந்து வரும் விமானம் ஒன்று மூன்று கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு நானூறு கிலோமீற்றர் வேகத்தில் எங்கள் கிணற்றடிக்கு நேர் மேலாகப் பறக்கிறது. கிணற்றடியில் நிற்கும் எனக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள தூரம் ஐந்து கிலோமீற்றராகும் கணத்தில், அத்தூரம் என்ன வீதத்தில் கூடிக்கொண்டிருக்கும்?” கீழே நீ வரைந்த முக்கோணி. உச்சியில் சின்னதாய் ஒரு விமானம். பக்கத்தில் 3, 5, 400.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பலூன், ஏணி, தண்ணீர்த் தாங்கி என்று புத்தகத்தில் உள்ள கணக்குகள் எனக்கு மண்டையில் ஏறவில்லை என்று நான் அழுது எழுதியதால்தானே, உன் கண்ணால் தினமும் பார்ப்பதை வைத்துக் கணக்குச் செய்தாய். ஒன்று மாறும்போது அதோடு கட்டுண்ட இன்னொன்றும் மாறும், முதலாவதின் வேகம் தெரிந்தால் இரண்டாவதின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான் விஷயம் என்று நீ எழுதினாய். அந்த அவ்வளவுதான் என் தலைக்குள் போகவில்லை. கார்த்திகையில் திறந்த பல்கலைக்கழகச் சோதனை. முப்பத்து மூன்று வயதில் எனக்கு இந்த நுண்கணிதம் எதற்கு என்று புலம்பிக்கொண்டே தாளை மேசையில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இவர் எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். பஸ்ஸில் போகும்போது செய்து பார்த்து, பின்னேரம் வந்து எனக்குச் சொல்லித் தரலாம் என்று நினைத்திருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் போனது அதற்காகத்தான் இருக்க வேண்டும். வேறு என்ன?

எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஹாஷிம் நானாவும் நானும் மூன்று பொலிஸ் நிலையங்களுக்குப் போய்விட்டோம். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்கிறார்கள். என்னையும் பள்ளிக்கூட நூலகத்தில் இப்போதைக்கு வேலைக்கு வரவேண்டாம், பிரச்சினை முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இப்படிப்பட்ட விமானக் கணக்கு உள்ள பாடப்புத்தகம் ஏதாவது உன்னிடம் இருந்தால் ராஜலிங்கம் அண்ணையிடம் கொடுத்துவிடு. உன் பெயர் அதில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. நல்ல காலம், கணக்குத் தாளில் நீ “செ” என்று மட்டும்தான் போட்டிருந்தாய். விலாசம் எழுதிய கடித உறையை நான் எரித்துவிட்டேன். தை மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலையை ஏற்க நீ வரவேண்டியவள். உன் பெயர் இதில் வரவே கூடாது.

கும்பிட்டுக் கேட்கிறேன், அம்மாவையும் எங்களுக்காக ஒரு செபமாலை சொல்லச் சொல்.

உன்
மங்களேஸ்வரி


கட்டுக்கலை, கண்டி.
5.10.1986

அன்புள்ள செசிலியா,

உன் கடிதமும் புத்தகமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வவுனியாச் சோதனைச் சாவடியில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். ராஜலிங்கம் அண்ணைக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேனோ தெரியவில்லை.

இவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு நாள் ஒரு தகவலும் இல்லை. தினமும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவேன், கொண்டுபோனபடியே திரும்பி வருவேன். திரும்பி வந்த சோற்றைத் தின்னவும் முடியாது, எறியவும் முடியாது. ஹாஷிம் நானாவின் மனைவி சித்தி றலியா அதை என் கையிலிருந்து பறித்துத் தானே பிசைந்து ஊட்டிவிடுவா. “நீங்க விழுந்துட்டா யாரு புள்ள அந்த மனிசனுக்காக நடக்கிறது? வாயத் தொறங்க” என்று அதட்டுவா. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்களுடைய கடை மாடியில் நீயும் நானும் இவரும் ஒன்பது நாள் கிடந்தோமே, அன்றும் இதே அதட்டல்தான். அன்று நீ பக்கத்தில் இருந்தாய்.

பன்னிரண்டாம் நாள் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு நிலையத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. பெயர் எழுதவில்லை. அங்கே இன்ஸ்பெக்டர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லிப் பேசினார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேசையில் உன் தாள் இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் நிறையப் பென்சில் எழுத்து. இவருடைய எழுத்து.

நான் நினைத்தது சரிதான், செசிலியா. பஸ்ஸில் இருந்து செய்து பார்த்திருக்கிறார். விமானம் கிணற்றடிக்கு நேர் மேலே வரும் கணத்தை நேரத்தின் தொடக்கமாக வைத்து “t = 0, நேர் மேலே” என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். அதன் பிறகு பைதகரஸ் எழுதி, ஐந்தையும் மூன்றையும் உடனே பிரதியிட்டு, வகையிட்டுப் பூச்சியம் எடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். நான் மாதக்கணக்காக விட்ட அதே பிழை. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அந்த வட்டத்தில் விரலை வைத்து, “பூச்சிய நேரம் என்றைக்கு?” என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. “விமானத்தை எந்த நாளில் அடிப்பதாகத் திட்டம்? மூன்று கிலோமீற்றர் உயரம் வரை போகக்கூடிய ஆயுதம் யாரிடம் இருக்கிறது? கிணறு யாருடைய வீட்டுக் கிணறு?” சிங்களத்தில் என்னால் நன்றாகப் பேச முடியும் என்று உனக்குத் தெரியும். அன்று வாயில் வந்தது இரண்டே வசனம்தான். இது பாடம் சேர், கணக்கு சேர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். உன் புத்தகத்தைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். “இந்தப் புத்தகத்தில் விமானம் இருக்கிறது. பலாலி இல்லை. கிணறு இல்லை. பலாலியையும் கிணற்றையும் போட்டவர் யார்?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். கணக்குத் தாள்கள் கைக்குக் கை மாறி வரும், மாணவர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

திறந்த பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தும் விரிவுரையாளர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். சிங்களவர், நல்ல மனிதர், என் வயதுதான் இருக்கும். நான் நினைவிலிருந்து எழுதிக் கொண்டுபோன கணக்கைப் பார்த்தவுடன் இது தொடர்புற்ற மாற்றவீதக் கணக்கு, முதலாம் வருடத்துப் பாடம் என்று சொன்னார். அதை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். “எழுதினால் நாளைக்கு என் வீட்டுக்கும் வருவார்கள், மிஸிஸ் சோதிலிங்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள்” என்றார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தா, நான் குடிக்கவில்லை. புறப்படும்போது அவரே படலை வரை வந்து, “நீங்களே அவர்கள் முன்னால் அந்தக் கணக்கைச் செய்து காட்டினால் யாருடைய கடிதமும் தேவைப்படாது” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தப்பித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எனக்குத்தான் அந்தக் கணக்குச் செய்யத் தெரியாதே! வைகாசியிலிருந்து இந்த அலகில் ஒரு பயிற்சியைக்கூட நான் சரியாகச் செய்ததில்லை. தெரிந்திருந்தால் நீ பத்துக் கணக்கு அனுப்பியிருக்க மாட்டாய், இவர் அதைப் பையில் வைத்திருக்கவும் மாட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு வேலை இல்லை. உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதுவதும் கிழிப்பதும்தான். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் புத்தகத்தைச் சுவரில் எறிந்துவிட்டேன். சத்தம் கேட்டுச் சித்தி றலியாவும் ஹாஷிம் நானாவும் ஓடிவந்தார்கள். ஏணி வழுக்குகிற கணக்கு விளங்கவில்லை என்று சொல்லி அழுதேன். ஹாஷிம் நானா சிரிக்கவில்லை. “ஏணிதானே? கடையில இருக்கே, வாங்க” என்றார்.

கடையை முன்பக்கம் சாத்திவிட்டு, உயரத் தட்டில் துணி எடுக்கிற பத்தடி ஏணியைப் பின்சுவரில் சாய்த்தோம். நானா அதன் காலை ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு இழுத்தார். சித்தி றலியா ஒரு கதிரையின் மேல் ஏறி நின்று, ஏணியின் தலை நிற்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் சோக்கால் கோடு போட்டா. முதல் கோடுகளுக்கு இடையில் இரண்டு மூன்று அங்குலம்தான். போகப்போக இடைவெளி பெருத்துக்கொண்டே போனது. எட்டாம் அடியிலிருந்து ஒன்பதாம் அடிக்குக் காலை இழுத்தபோது தலை ஒன்றரை அடிக்கு மேல் இறங்கி ஏணி தடால் என்று அதிர்ந்தது. “இது என்னா புள்ள, கீழ ஒரே மாதிரித்தானே இழுக்கிறாரு, மேல விழுந்தடிச்சு வருதே!” என்று சித்தி றலியா கத்தினா.

அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏணி பத்தடி, அது மாறாது. காலும் தலையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறுவதை மாற விட்டு வகையிட வேண்டும். அதன் பிறகுதான், எந்தக் கணத்தைக் கேட்கிறார்களோ அந்தக் கணத்தின் எண்களைப் போட வேண்டும். முதலிலேயே எண்ணைப் போட்டால் ஏணி அசையாமல் நின்றுவிடும், வேகம் பூச்சியம். நீ இதை எத்தனை முறை எழுதியிருப்பாய்! அங்கேயே கடைக் கடதாசியில் உன் ஏழாவது கணக்கைச் செய்தேன். முந்நூற்று இருபது வந்தது. புத்தகத்துக் கணக்குகளையும் செய்தேன். எல்லாம் சரி.

நேற்று நிலையத்துக்குப் போய், நான் செய்து காட்டுகிறேன், ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்கள். வெளியே வரும்போது பின்பக்க யன்னல் ஒன்றில் இவரைக் கண்டேன். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் வலக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நீ எழுதியிருந்தாய், “நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன், நான்தான் எழுதினனான் எண்டு நேரில சொல்லுறன்” என்று. வேண்டாம், செசிலியா. ஒருவருக்குப் பதில் இரண்டு பேரை வைத்துக்கொள்வார்கள். உன் பெயரை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இது சத்தியம். நீ அங்கேயே இரு. உன் பக்கம் குண்டு விழுந்ததாக வானொலியில் சொன்னார்கள். விமானம் வந்தால் கிணற்றடியில் நிற்காமல் உள்ளே போய்விடு.

உன்
மங்களேஸ்வரி


கட்டுக்கலை, கண்டி.
26.10.1986

என் செசிலியாவுக்கு,

வெள்ளிக்கிழமை இவரை விட்டுவிட்டார்கள். வீட்டில் இருக்கிறார். நாற்பத்து மூன்று நாள். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். ஆனால் மிச்சத்தையும் வாசி. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் அறையில், யார் யாருக்கு எப்போது கடமை என்று எழுதுகிற கரும்பலகை ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டுச் சோக்குக் கட்டியைக் கையில் தந்தார். பக்கத்தில் இளம் சப் இன்ஸ்பெக்டர் ஒருவன் நின்றான். உயர்தரத்தில் கணிதம் படித்தவனாம். அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உன் ஏழாவது கணக்கைச் செய்தேன். முக்கோணியை வரைந்து, மாறாத உயரம் இது, மாறுகிற தூரங்கள் இவை என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே எழுதினேன். t = 0 என்பது நாளோ மணியோ அல்ல, எண்ணத் தொடங்குகிற இடம் என்று விளக்கினேன். கடைசி வரியில் முந்நூற்று இருபது என்று எழுதிக் கோடு போட்டேன். அந்தப் பொடியன் தலையை ஆட்டி, “ஹரி சேர்”, சரிதான் என்றான்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. “மனப்பாடம் பண்ணி வந்திருக்கலாம். எண்களை மாற்று” என்றார். அவன் கொஞ்சம் யோசித்து, உயரம் ஐந்து, தூரம் பதின்மூன்று, வேகம் முந்நூற்றுத் தொண்ணூறு என்றான். யாரோ பின்னால் நிற்பது போல முதுகு முழுக்க வேர்வை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பதின்மூன்றை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். அடுத்த வரி எழுதினால் பூச்சியம் வருகிறது. பூச்சியம்! கடவுளே, இவர் விட்ட அதே பிழை, அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிற அதே பிழை. இன்ஸ்பெக்டர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சேலைத் தலைப்பால் அந்த இரண்டு வரிகளையும் அழித்தேன். கடைச் சுவரில் இருந்த சோக்குக் கோடுகளைக் கண்ணுக்குள் கொண்டுவந்தேன். முதலிலிருந்து எழுதினேன். பன்னிரண்டை வைத்துப் பெருக்கி, பதின்மூன்றால் பிரித்து, முந்நூற்று அறுபது.

பொடியன் தன் கையில் இருந்த துண்டில் செய்து பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கட்டும் என்பது போலச் சத்தமாக, “சரியான விடை, சேர். இது வெறும் பாடசாலைக் கணக்கு” என்றான். அவன் எந்த ஊர்ப் பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். பிறகு எனக்குக் கதிரை போடச் சொன்னார், தண்ணீர் தரச் சொன்னார். “நம்புகிறேன். இது கணக்குத்தான்” என்றார். செசிலியா, அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

அவர் கோப்பைத் திறந்து, இனி ஒரே ஒரு வரிதான் நிரப்ப இருக்கிறது, அனுப்பியவரின் பெயர், அது இருந்தால் இந்தக் கோப்பை மூடிவிடலாம் என்றார். நான் பழையபடி தெரியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. “உங்கள் கணவர் நேற்றே சொல்லிவிட்டார். எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். நீங்களும் அதே பெயரைச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் வெள்ளிக்கிழமை அவர் வீட்டில். வேறு வேறாக இருந்தால் உங்களில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள், நான் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும்” என்றார். மேலிடம் என்றால் எது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அங்கே போனவர்களில் எவரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

வேறு ஏதாவது பெயரைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இறந்துபோன யாருடையதாவது ஒரு பெயர். நினைத்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் இவர் உன் பெயரைச் சொல்லியிருந்தால், நான் சொல்லும் பொய் இவரைத்தானே கொல்லும்? நாற்பது நாள் அடித்தால் யார்தான் சொல்லமாட்டார்கள், சொல்லியிருப்பார் என்றே நான் நம்பிவிட்டேன். யன்னலில் ஒளித்த அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், ஊரையும். தை மாதம் எங்கே வேலைக்கு வருகிறாய் என்று கேட்டார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்றுகூட நான் யோசிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், “இந்தப் பெண் இனிக் கண்டிப் பக்கம் வருவாளா?” என்று மட்டும்தான் அவர் கேட்டார். தையையும் பேராதனையையும் சொன்னது நான்தான். எழுதிக்கொண்டார். கணக்குப் போட எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹாஷிம் நானா ஒரு வான் பிடித்துக்கொண்டு வந்தார். இவரால் தனியாக ஏற முடியவில்லை, இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். வலக்கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. இனி மருந்து அளந்து ஊற்றுவது எப்படி என்று தெரியவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவர் வீட்டு வாசலில் இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா? “மங்களம், என்ன செய்தும் நான் செசிலியாவின்ர பேரைச் சொல்லேல்லை.”

அப்படியே சொன்னார். பெருமையாகச் சொன்னார், செசிலியா. சோதனையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி. ஒவ்வொரு நாளும் கேட்டார்களாம். நகத்துக்குள் வைத்த ஊசியை எடுக்காமலே கேட்டார்களாம். “அந்தப் பிள்ளை உனக்குப் படிப்பிக்க எழுதினது. அதுக்காக அவளைக் காட்டிக் குடுக்கிறதே?” என்று என்னிடமே கேட்டார். நான் ஓம் என்றேன்.

இவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நாற்பத்து மூன்று நாளில் இவர் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பறிப்பேன்? சித்தி றலியாவுக்கு மட்டும் தெரியும். என்னைத் திட்டுவா என்று நினைத்தேன். “எழுதுங்க. அந்தப் புள்ளைக்கு ஒடனே எழுதுங்க. அழுவுறத்துக்கு பொறகு நேரம் இருக்கு” என்று பேனையைக் கையில் வைத்தா. அதனால்தான் இந்தக் கடிதம்.

செசிலியா, நீ வர வேண்டாம். தை மாதமும் வேண்டாம், அதற்குப் பிறகும் வேண்டாம். வவுனியாவில் அடையாள அட்டையைப் பார்க்கிற இடத்தில் உன் பெயர் இருக்கும். பேராதனையிலும் இருக்கும். அந்த வேலைக்கு நீ எத்தனை வருடம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை விண்ணப்பித்தாய், ஒவ்வொரு தடவையும் நான்தான் தபாலில் சேர்த்தேன். அம்மாவுக்குச் சுகமில்லை, வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. காரணம் எழுதாதே. கடல் வழியாக அந்தப் பக்கம் போகக்கூடியவர்கள் யாரையாவது உனக்குத் தெரிந்தால், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடு. ராஜலிங்கம் அண்ணையிடம் நான் வேறொன்றும் சொல்லவில்லை. பதில் எழுதாதே. எழுதினால் நான் திறந்து பார்க்க மாட்டேன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மன்னிப்புக் கேட்க இந்தத் தாளில் இடம் இருக்கிறது. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போது காலை பத்து மணி. இவர் பக்கத்துக் கதிரையில் வெயிலில் இருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய், செசிலியாவுக்கா என்று இப்போதுதான் கேட்டார். ஓம் என்றேன். “நான் சுகமா வந்திட்டன் எண்டு எழுது. தைக்கு எங்கட வீட்டிலதான் நிக்க வேணும் எண்டு எழுது. முன்னறையை நான் வெள்ளையடிச்சு வைக்கிறன், கட்டாயம் வரச் சொல்லு” என்கிறார். எழுதிவிட்டாயா என்று எட்டிப் பார்க்கிறார். எழுதிவிட்டேன் என்று சொல்கிறேன்.

வராதே, என் ராசாத்தி. பிள்ளையாரோ உன் மாதாவோ, யாருக்கு முதலில் காது கேட்கிறதோ அவர் உன்னைக் காப்பாற்றட்டும். எங்கே போனாலும் உயிரோடு இரு.

மங்களேஸ்வரி